மேல பாரு, கீழ பாரு

வாயில் பிரஷ், உதட்டோரம் நுரை. சின்னவள் சன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அவள் அப்பா இடது கைக் கட்டைவிரலால் அவளுடைய மேல் இமையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். வலது கையில் பேனா அளவுக்கு ஒரு டார்ச். "கீழ பாரு." பார்க்கிறாள். மேல் இமையை விட்டுவிட்டுக் கீழ் இமையை இழுக்கிறார். "மேல பாரு." பார்க்கிறாள். பிறகு அடுத்த கண். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. டார்ச் சட்டைப் பைக்குள் போகிறது, பிரஷ் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. "ஒண்ணும் இல்ல" என்கிறார். அதை மகளுக்குச் சொல்கிறாரா, சமையலறையில் நிற்கும் மனைவிக்குச் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்பது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். என் படிக்கட்டு அவர்கள் முகம் கழுவும் தொட்டியை உரசிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் பார்க்காமல் இறங்க முடியாது. முதலில் ஏதோ கண் நோய் என்று நினைத்தேன். பிறகு, பெண்ணுக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, அப்பனுக்குத்தான் மனம் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டும் பாதி சரி, பாதி தப்பு.

தெருவில் அவருக்குப் பெயர் கண்ணாடிக்காரர். முன்பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரை. நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். இரண்டு கண்ணும் மைனஸ் எட்டு. வீடு கேட்டு வந்த அன்று அவர் என் பெயரைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. என் மூக்கின் மேலிருந்து கண்ணாடியைத் தானாகவே கழற்றினார், ஓரத்தின் தடிமனைப் பார்த்தார், "எட்டு. யார் சார் இந்த ஃப்ரேமை உங்க தலையில கட்டுனது?" என்றார். எதிரில் இருப்பவர் முகமே தெரியாமல் நின்று நான் வீடு பேசி முடித்தது அன்று ஒரு நாள்தான்.

மனிதர்களின் முகத்தை அவர் மொத்தமாகப் பார்ப்பதே இல்லை. மூக்குத் தண்டு, இரண்டு காதுகளின் உயரம், இரண்டு கண்பாப்பாக்களுக்கு நடுவே உள்ள தூரம், இவ்வளவுதான் அவருக்கு ஒரு ஆள். "காலையில மைனஸ் மூணு வந்தாங்க, பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்காம்" என்பார். எங்காவது யாராவது கண்ணாடியைக் கோணலாகப் போட்டிருந்தால் கை பரபரக்கும். ஒரு துக்க வீட்டில், இறந்துபோனவரின் அண்ணனைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதார். அழுது முடித்து விலகும்போது அந்த மனிதரின் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த திருப்புளியால் ஒரு திருகு திருகி, திரும்ப மாட்டிவிட்டுத்தான் வந்தார். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய தொழில் ஒரே கேள்வியில் நடக்கிறது. சோதனைக் கண்ணாடியில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா... இல்ல, இது நல்லாருக்கா?" இதே கேள்வியைக் காய் வாங்கும்போதும் கேட்பார், மகளுக்குச் சட்டை எடுக்கும்போதும் கேட்பார். அவர் மனைவி கடையில் வில்லையின் ஓரம் தீட்டும் இயந்திரத்தில் உட்காருபவர். கை எப்போதும் ஈரமும் வெள்ளைப் பொடியுமாக இருக்கும். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் அது நின்ற பிறகும் குரல் இறங்காது. "எங்க வீட்டுக்கு என்னைக் கேட்டு வந்த அன்னைக்கு, என்னையும் எங்க அக்காவையும் மாறி மாறிப் பாத்தாரு. மனசுக்குள்ள இதைத்தான் கேட்டிருப்பாரு" என்று அவர் சொன்னால் தெருமுனைக்குக் கேட்கும்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்விடலாம் என்றால், அந்த வீட்டில் தாமிரம் என்று ஒன்று குறுக்கே நிற்கிறது. தாமிரம் கண்ணாடிக்காரருக்குச் சென்ம விரோதி. தண்ணீர்ச் செம்பு போய்விட்டது. கடை மேசையில் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த சாக்லெட் கிண்ணம் போய்விட்டது. எந்தப் பொட்டலம் வீட்டுக்குள் வந்தாலும், கடையிலிருக்கும் பெரிய உருப்பெருக்கியை வைத்து அதன் பின்பக்கத்தைக் கடைசி எழுத்து வரை படிப்பார். தாமிரம் அதிகம் என்று முந்திரி, காளான், ஈரல் எல்லாம் அந்த வீட்டுக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவை. குழாய் சரி செய்ய வந்தவரிடம், "உள்ள ஓடுறது எந்த பைப்பு? சத்தியமா பிளாஸ்டிக்கா?" என்று மூன்று தடவை கேட்டு, அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

காரணம் மூத்த மகள், பெரியவள். எல்லோருக்கும் சாப்பாட்டில் கொஞ்சம் தாமிரம் உள்ளே போகிறது. வேண்டியது போக மிச்சத்தை ஈரல் வெளியே தள்ளிவிடுகிறது. பெரியவளின் ஈரலுக்கு அந்தத் தள்ளும் வேலை பிறவியிலேயே தெரியாது. மிச்சம் அங்கேயே தங்கி, நிரம்பி, வழிந்து மூளைக்குப் போயிருக்கிறது; கண்ணுக்கும் போயிருக்கிறது. கண்ணில் அது கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் போலப் படியும். ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் வரும் நோய். அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்று இரண்டு பக்கத்துக் குறையும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் வரும். இதைக் கேட்டதும் இரண்டு குடும்பத்திலும் ஆளாளுக்கு அடுத்த பக்கத்தைக் கைகாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்காரரின் மனைவிதான் அதை முடித்துவைத்தார். "ரெண்டு பேரும் பாதிப் பாதி. இந்தக் குடும்பத்துல சரிசமமாப் பங்கு போட்டது இது ஒண்ணுதான். இனிமே யாரும் பேசக் கூடாது."

பெரியவளுக்குப் பத்தொன்பது வயது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். பேச்சு மெதுவாக வரும். ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து வைப்பது போல இருக்கும். உதடு சிரிப்பிலேயே நின்றுவிடுவதுண்டு; அவள் சிரிக்கிறாளா இல்லையா என்பதைக் கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. இரண்டாவது வருடமாக இப்படி ஓடுகிறது. முன்பைவிட எவ்வளவோ தேவலை என்கிறார்கள். கடையில் முன்மேசையில் உட்கார்ந்து தயாரான கண்ணாடிகளை எடுத்துக் கொடுப்பாள். யாராவது அவள் கையைப் பார்த்து உச்சுக் கொட்டினால், "என் கை... ஆடல. உங்க கண்ணுதான்... ஆடுது. பவர்... மாத்தணும்" என்பாள். அப்படி உச்சுக் கொட்டிய ஒரு அம்மாள் உண்மையாகவே பயந்து சோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

இவளுக்கு இது ஒரே நாளில் வரவில்லை. நோட்டுப் புத்தகங்களை அவள் அம்மா எடுத்து வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் கோடு நிறைய உருண்டையாக நிற்கும் எழுத்து, பத்தாம் வகுப்பில் இளைக்கிறது, பதினொன்றில் எறும்பாகிவிடுகிறது. கண்ணாடிக்காரர் அவற்றை வரிசையாகப் பரப்பி, பாப்பாக்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கும் தன் சின்ன அளவுகோலால் எழுத்துகளை அளந்து ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். எல்லாம் தெரிந்த பிறகு செய்த வேலை. அப்போது யாரும் அளக்கவில்லை. எழுத்து சிறுத்தால் அலட்சியம் என்றார்கள். தட்டைக் கீழே போட்டால் கவனம் இல்லை என்றார்கள். தலையணை ஈரமானால் அசந்து தூங்குகிறாள் என்றார்கள். தொட்டதற்கெல்லாம் சீறி விழுந்தபோது, வயது அப்படி என்றார்கள். நாக்கு குழறியபோது திமிராகப் பேசுகிறாள் என்றார்கள். மனநல மருத்துவர் ஒருவர் படிப்புச் சுமை என்று தூக்கமாத்திரை கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருந்ததால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா மட்டும் ஒன்றைப் பார்த்தார். அதுதான் அவரை இன்றுவரை அரிக்கிறது.

அவளுக்குப் பதினாறு வயது. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்க முடியவில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணாடிக்காரர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தாள். கண் பக்கா. சரி, எதற்கும் இருக்கட்டும் என்று, கண்ணுக்கு மிக அருகில் விளக்கைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவியில் அவள் மோவாயை வைக்கச் சொன்னார். அதை அவர்கள் சுருக்கமாக லாம்ப் என்பார்கள். பார்த்தார். கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வட்டம்.

அவர் கடையில் நிறம் மாற்றும் லென்ஸ்களும் விற்கிறார், கண்ணுக்குள் ஒட்டிக்கொள்பவை. பழுப்பு நிற லென்ஸின் ஓரம் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். பெரியவள் அதற்கு முந்தைய மாதம்தான் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். இழுப்பறையைத் திறந்து பெட்டிகளை எண்ணினார். பழுப்பில் ஒன்று குறைந்தது. தொழில் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"லென்ஸைக் கழட்டு" என்றார்.

"போடலப்பா."

"பொய் வேற பேசுறியா? கழட்டு."

அவள் நாக்கு குழறியது. அது அவருக்குப் பொய் பேசுபவளின் திணறலாகத் தெரிந்தது. பெண் நடுங்கும் விரலால் கருவிழியின் மேலேயே கிள்ளிக் கிள்ளிக் காட்டியிருக்கிறாள். "பாருப்பா, ஒண்ணுமே வரல. பாரு." அவர் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டார். ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. குறைந்த பெட்டியைத் தானே விற்றதாகவும், எழுதிவைக்க மறந்துவிட்டதாகவும் மனைவி சொன்ன பிறகும், அவர் மனதில் விழுந்த சந்தேகம் அப்படியே இருந்துவிட்டது. கேட்டால் சொல்வார்: "விளக்கைப் போட்டு, பத்து மடங்கு பெரிசாக்கி, என் கண்ணாலயே பாத்தேன் சார். பாத்துட்டு, பாத்ததை நம்பாம பெட்டியை எண்ணப் போனேன்."

எனக்கு அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. என் தொழிலில் தவறவிடும் பிழைகள் எல்லாம் தலைப்பில் இருப்பவைதான். பெரிய எழுத்து, கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். இருக்க வேண்டியதுதான் இருக்கிறது என்று மனம் முடிவு செய்துவிட்டால் கண் சும்மா தலையாட்டிவிடும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு டாக்டரம்மா கடைக்குப் படிக்கும் கண்ணாடி வாங்க வந்தார். பெரியவள் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். கை தடதடவென்று மேசையில் அடித்தது. டாக்டரம்மா பெட்டியை வாங்காமல் அவள் கண்ணையே பார்த்தார். "இந்தப் பொண்ணைக் கொஞ்சம் லாம்ப்ல உக்கார வைக்கலாமா?" என்றார். கண்ணாடிக்காரரின் கடையில், அவருடைய கருவியிலேயே, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, "நீங்களும் பாருங்க" என்று இடம் விட்டார். அவர் குனிந்து பார்த்தார். அதே வட்டம். இரண்டு வருடத்தில் இன்னும் தடித்திருந்தது.

அன்றிலிருந்து அவர் பெரியவளின் கண்ணைப் பார்ப்பதில்லை. இது நானாகக் கண்டுபிடித்தது. அவளோடு பேசும்போது காதைப் பார்ப்பார், நெற்றியைப் பார்ப்பார், கையிலிருக்கும் துணியால் எதையாவது துடைத்துக்கொண்டே பேசுவார். மாத்திரை வேலை செய்தால் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "மங்குதான்னு பாருங்களேன், கருவிதான் இங்கயே இருக்கே" என்று நான் ஒரு தடவை சொன்னேன். "அதெல்லாம் டாக்டர் பாத்துப்பாங்க" என்று என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அது அப்போதுதான் துடைத்துக் கொடுத்த கண்ணாடி.

பார்ப்பதெல்லாம் சின்னவளைத்தான். அவளுக்குப் பதின்மூன்று வயது. பெரியவளுக்கு நோய் உறுதியான அன்றே டாக்டரம்மா சொல்லிவிட்டார்: கூடப் பிறந்தவளுக்கும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, உடனே ரத்தமும், ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரும் கொடுத்துச் சோதிக்க வேண்டும், உடம்பில் ஒன்றும் தெரிவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே காப்பாற்றிவிடலாம். கண்ணாடிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து டார்ச் வாங்கினார்.

சோதனைக்கு முதலில் குறித்த தேதியில் சின்னவளுக்குப் பரீட்சை. இரண்டாவது தேதியில் சளி. மூன்றாவது தேதியில் கடையில் இயந்திரம் பழுதுபார்க்க ஆள் வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே நழுவியது. மனைவி கேட்டால், "தினமும் பாக்குறேன்ல? வளையம் வந்தா முதல்ல எனக்குத்தான் தெரியும்" என்பார். வளையம் கடைசியில்தான் வரும், பிள்ளைகளுக்கு வராமலேயே நோய் முற்றலாம் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னது அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கட்டிலேயே நின்று கேட்டுவிட்டேன். "எதுக்குப் பயப்படுறீங்க? இல்லைன்னு வந்தா நிம்மதிதானே."

அவர் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டார். "நாலுல ஒண்ணுன்னா, மூணு பங்கு இல்லைன்னுதானே சார் அர்த்தம். சோதிக்காத வரைக்கும் அந்த மூணும் என் கையில இருக்கு. சோதிச்சு, இருக்குன்னு வந்துட்டா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அறிவு இருந்துமா என்று கோபம். பிறகு, என் நெஞ்சு வலிக்கு நான் மருத்துவரைப் பார்க்காமல் தள்ளிப்போட்டது நினைவுக்கு வந்து கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இருந்தது, மறைக்கவில்லை.

டார்ச் போதாது என்று அவரே ஒரு சோதனையும் வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் காலையில் சின்னவள் கடை மேசையில் உட்கார்ந்து ஒரே வரியை எழுதித் தர வேண்டும். கிட்டப் பார்வை சோதிக்கும் அட்டையில் இருக்கும் வரி: மழை வரும் போலிருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போ. கோடு போடாத தாள், ஒரே பேனா. எழுதியதும் அந்தச் சின்ன அளவுகோலை வைத்து வரியின் நீளத்தை அளப்பார். நூற்று இருபத்தெட்டு மில்லிமீட்டர். ஒன்றிரண்டு கூடும், குறையும். தாளின் மூலையில் தேதி போட்டு, கோப்பில் செருகி வைப்பார். "எங்க அப்பா எனக்கு மழை வரும் மழை வரும்னு ஒரு வருஷமா சொல்றாரு, இன்னும் வரல" என்று சின்னவள் என்னிடம் முறையிட்டாள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நான் கடையில் இருந்தேன். என் மாற்றுக் கண்ணாடியின் ஒரு காலை நான் மிதித்துவிட்டிருந்தேன். அதற்கு வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். சின்னவள் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டாள். அவர் அளவுகோலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு அளவுகோலைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை வைத்தார். 

"நூத்திப் பதினஞ்சு" என்றார், யாருக்கும் சொல்லாமல்.

இயந்திரம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வந்து தாளைப் பார்த்தார். அந்த அம்மாள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான். "இன்னைக்காவது போலாமாங்க?"

"திங்கக்கிழமை பாக்கலாம். இன்னைக்கு மூணு டெலிவரி இருக்கு."

முன்மேசையிலிருந்து பெரியவள் எழுந்தாள். எழுந்து நிற்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வாசலுக்குப் போய், "திறந்திருக்கிறது" என்று தொங்கிய அட்டையைத் திருப்ப முயன்றாள். கை ஒத்துழைக்கவில்லை, அட்டை கண்ணாடிக் கதவில் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் உதவிக்குப் போக எழுந்தேன். அவள் அம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ஒருவழியாக அட்டை திரும்பி "மூடியிருக்கிறது" என்றானது. காலை பதினொரு மணி.

"எனக்கு... ரெண்டு வருஷம்... லேட்டாச்சுப்பா" என்றாள். "அவளுக்கு... ஆகக் கூடாது."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். இடதும் வலதும் மாறியிருந்தது. மனைவி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அன்று ரத்தம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சேர்க்க வேண்டிய சிறுநீருக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் வந்தது. ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சின்னவளுக்கு மானம் போனது. "நான் கேனோட போறதை யாரும் பாக்கக் கூடாது, மாடி மாமா உட்பட" என்று உத்தரவு. நான் அன்று முழுக்கக் கீழே இறங்கவில்லை. கண்ணாடிக்காரர் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்ததாகவும், "அப்பா, நீ அங்க உக்காந்திருந்தா வரவே வராது" என்று சின்னவள் உள்ளிருந்து கத்தியதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். திங்கள் காலை அவர் அந்தக் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். முதல் பிள்ளையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தபோதுகூட இவ்வளவு பத்திரமாகப் பிடிக்கவில்லை என்றார் மனைவி.

முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் டார்ச் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. "இப்ப மட்டும் என்ன, புதுசா முளைக்கவா போகுது?" என்று சின்னவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே இமையைத் தானே தூக்கிக் காட்டினாள். இடையில் ஒரு நாள் அவள் என்னிடம் ஒரு ரகசியம் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை தோழி வாசலில் காத்திருந்தாளாம். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதிவிட்டாளாம். "நான்தான் மாமா வேணும்னே சின்னதா எழுதுனேன். அப்பாகிட்டச் சொன்னா அடிப்பாரா?" சொல்ல வேண்டாம் என்றேன். ஒன்றுமில்லாத விஷயத்துக்கா இவ்வளவு என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

அப்பாடா என்றதுதான் தப்பு. தாளில் எழுத்து சிறுத்ததற்குக் காரணம் தோழி. ஆனால் ரத்தத்திலும் கேனிலும் இருந்ததற்கு யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. சின்னவளுக்கும் இருந்தது. நாலில் அந்த ஒன்று. கண்ணில் வளையம் இல்லை, கை நடுங்கவில்லை, நாக்கு யாருக்கும் அடங்காமல் ஓடுகிறது. ஈரலில் மட்டும் சத்தமில்லாமல் சேர ஆரம்பித்திருக்கிறது. டாக்டரம்மா அறிக்கையை வைத்துவிட்டு, "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாராம். "ஆயுசு முழுக்க மாத்திரை. ஒரு நாளும் விடக் கூடாது. விடாம இருந்தா, இவளும் மத்த பிள்ளைங்களை மாதிரியே இருக்கலாம்." இதை என்னிடம் சொன்னது மனைவி. கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்று, தினமும் தான் பார்த்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்ன இடத்தை, அதாவது மகளின் முகத்தை, பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் படியிறங்கினேன். சின்னவள் வாயில் பிரஷோடு, பழக்கத்தில், சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை அகல விரித்து நின்றாள். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. வெறும் கையாகத் திரும்பி வந்தது. "வாயைக் கொப்புளி" என்றார். அவள் கொப்புளித்ததும் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தார். அவள் விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணும் இல்ல" என்று அன்று அவர் சொல்லவில்லை.

நேற்று மாலை என் மாற்றுக் கண்ணாடியை வாங்கக் கடைக்குப் போனேன். பெரியவளும் அம்மாவும் அப்போதுதான் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பக்கவாட்டில் வளையம் போய்விட்டதாம். மேலேயும் கீழேயும் மட்டும் லேசாக மிச்சமாம். பெரியவள் இதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் அவளுடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தவள் நேராக லாம்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கட்டையில் மோவாயை வைத்தாள். நெற்றியைப் பட்டையில் சாய்த்தாள். "பாருப்பா" என்றாள்.

அவருக்கு உடனே நிறைய வேலை வந்துவிட்டது. நாற்காலியின் உயரத்தை ஏற்றினார், இறக்கினார். பட்டையைத் துடைத்தார். பல்பைத் துடைத்தார். என் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருப்பதாகச் சொல்லி அதையும் துடைத்தார். மனைவி கடையின் பெரிய விளக்கை அணைத்தார். வேறு வழி இல்லாமல் அவர் உட்கார்ந்தார். விளக்கைப் போட்டுக் குனிந்து கருவியின் குழாயில் கண்ணை வைத்தார். அவள் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இடது கையை நீட்டி அதைத் தாங்கிக்கொண்டு, கட்டைவிரலால் மேல் இமையைத் தூக்கினார்.

"கீழ பாரு" என்றார்.

பார்த்தாள். வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவளின் கை மெதுவாக, ஆடி ஆடி, மேலே வந்தது. இரண்டு விரலையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், எதையோ கிள்ளி எடுப்பது போல எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

"லென்ஸ்... போடலப்பா" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிப்பது எனக்கே தெரிந்தது.

அவர் கை தடவிப்போய் லாம்பை அணைத்தது. கடை இருட்டானது. பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் கண்ணாடிக்காரர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.